பதினோரு நிமிடக் குளிர்காலம்

கப்பலின் மேல்தளத்தைச் சுற்றிச் சுற்றி மாலுமிகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஓரத்தில் ஓர் இசைப்பெட்டி. அதன் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளிருந்து பாட்டு எழுகிறது. அந்தத் தாளத்துக்குக் கால்கள் விழுகின்றன. தலைக்கு மேல் வானம் தெரியாதபடி, பலகைச் சட்டத்தின் மீது கெட்டித் துணி போர்த்திய கூரை. கூரைக்கு வெளியே பனிக்காற்று. கப்பலைச் சுற்றிக் கடலே உறைந்து கிடக்கிறது.

இது 1819–20 குளிர்காலம். இடம், இன்றைய கனடாவின் வட கோடியிலுள்ள மெல்வில் தீவு. அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு வடக்கு வழியாகப் பாதை தேடி வந்த ஹெக்லா, கிரைப்பர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களில் 94 பேர் இருந்தார்கள். தலைவர் வில்லியம் எட்வர்டு பாரிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. நவம்பர் தொடக்கத்தில் மறைந்த சூரியன் மறுபடி கண்ணில் பட்டது பிப்ரவரி 3 அன்றுதான். அந்த நீண்ட இருட்டில் பாரி அஞ்சியது பனியைவிட ஸ்கர்வி நோய்க்கு. ஈரமும் சோம்பலும் அந்த நோயை வரவழைக்கும் என்பது அக்கால நம்பிக்கை. அதைத் தடுக்க மாலுமிகளை அதிகாரிகளின் கண் முன்னால் எலுமிச்சைச் சாறு குடிக்கவைத்தார். தன் அறை அடுப்புக் குழாயின் ஓரமாகப் பெட்டிகளில் கடுகுக் கீரை வளர்த்தார். சோம்பலை விரட்ட, வானிலை இடம் கொடுத்தால் எல்லாரும் கரையில் நடக்க வேண்டும். இல்லையென்றால் தளத்தில் ஓட வேண்டும். முதலில் சிலர் முணுமுணுத்தார்கள். நாள் செல்லச் செல்ல அந்த ஓட்டமே அவர்களுக்குக் கேளிக்கையானது. இசைப்பெட்டி ஓய்ந்த வேளைகளில் தாங்களே பாடிக்கொண்டு ஓடினார்கள் என்று பாரி தன் பயணக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

குளிர்காலத்தில் கூரைக்கு அடியில், கருவி எதுவுமில்லாமல் உடலைக் காத்துக்கொள்ளும் கலைக்கு மூன்று பொருள்கள் தேவை என்பதை அந்தக் கப்பல் காட்டியது: கொஞ்சம் இடம், ஒரு தாளம், ஓடு என்று சொல்ல ஓர் ஆள். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் வட நாட்டுக்காரர்கள் இந்த மூன்றையும் சிறிது சிறிதாகச் சுருக்கிக்கொண்டே வந்தார்கள். கப்பல் தளம் ஒரு ஜமுக்காள அளவானது. இசைப்பெட்டியின் இடத்துக்குக் கடிகாரம் வந்தது. கட்டளையிடும் தலைவரின் வேலையை 35 சென்ட் விலையுள்ள ஒரு சிறு புத்தகம் ஏற்றுக்கொண்டது.

சுருக்கும் வேலை முதலில் சுவீடனில் தொடங்கியது. 1776-ல் ஒரு பாதிரியார் குடும்பத்தில் பிறந்த பேர் ஹென்ரிக் லிங், கவிஞர், வாள்வீச்சு ஆசிரியர். கோபன்ஹேகனில் இருந்த நாட்களில் வாள்வீச்சும் உடற்பயிற்சியும் கற்றார். நலிந்திருந்த தன் உடல் அன்றாடப் பயிற்சியால் தேறுவதைக் கண்டதும், எந்த அசைவு எந்த உறுப்பை எப்படித் திருத்துகிறது என்று ஆராயத் தொடங்கினார். 1809-ல் சுவீடன் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்திருந்தது. தோற்ற நாட்டுக்கு வலிமையான உடல்கள் வேண்டும் என்ற ஏக்கம் அரசிடமும் இருந்தது. அந்தச் சூழலில், 1813-ல், ஸ்டாக்ஹோமில் அரசின் துணையோடு லிங்கின் மைய உடற்பயிற்சி நிறுவனம் எழுந்தது.

நிறுவனத்தில் கயிறுகளும், சுவரோடு பொருத்திய ஏணிச் சட்டங்களும் இருந்தன. உலகம் முழுக்கப் பரவியதோ வெறும் தரையில் நின்று செய்யும் பகுதி. கைகள் பக்கவாட்டில், கால்கள் அகலமாக, இடுப்பிலிருந்து வளைவு, மறுபடி நேர்நிலை. நாற்பது பேருக்கு ஒரு கூடமும் ஓர் ஆசிரியரின் குரலும் இருந்தால் போதும். லிங்கின் மகன் ஹியால்மர், எந்தப் பயிற்சிக்குப் பின் எது என்று அட்டவணைகளே போட்டுவைத்தார். எளிதில் தொடங்கிக் கடினத்துக்கு ஏறி மறுபடி எளிதில் முடியும் வரிசை அது. ஆண்டில் பாதி நாள் வெளியே விளையாட முடியாத ஒரு நாட்டில், பள்ளிக்கூடத்தின் கூடமே விளையாட்டுத் திடலானது.

இந்த வரிசை குளிரே தெரியாத ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. ஸ்டாக்ஹோம் நிறுவனத்தில் பயின்ற மார்ட்டினா பெர்க்மன் 1881-ல் லண்டன் பள்ளி வாரியத்தில் வேலை ஏற்று, நூற்றுக்கணக்கான ஆசிரியைகளுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்தார். 1909-ல் பிரிட்டன் தன் பள்ளிகளுக்கு வெளியிட்ட உடற்பயிற்சிப் பாடத்திட்டம் லிங்கின் முறையை அடியொற்றியது. பேரரசின் பள்ளிகளில் ‘டிரில்’ ஒரு பாடவேளையானது இப்படித்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘டிரில் மாஸ்டர்’ என்ற பெயர் நிலைத்ததற்கும், யாழ்ப்பாணப் பள்ளிகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் வரிசை வரிசையாக நின்று செய்யும் உடற்பயிற்சிக் கண்காட்சிக்கும் இந்தச் சுவீடன் உறவு உண்டு. உச்சி வெயிலில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கைகளை உயர்த்திய பிள்ளைகளுக்கு, அந்தக் கணக்கில் ஒரு பனிநாட்டுக் கூடத்தின் வாசம் இருப்பது தெரிந்திருக்க வழியில்லை.

லிங்கின் முறைக்குக் கூட்டம் வேண்டும். தனியாக ஒரு மனிதர், தன் படுக்கையறையில், யாரும் பார்க்காமல் செய்வதற்கு வழி சொன்னவர் டென்மார்க்கின் யோர்கன் பீட்டர் முல்லர். 1866-ல் ஆல்ஸ் தீவில் பிறந்தபோது அவர் உடல் ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் அடங்கும் அளவுதான் இருந்ததாம், அவரே எழுதியிருக்கிறார். இரண்டு வயதில் வயிற்றுக்கடுப்பு வந்து சாவின் வாசல்வரை போய்த் திரும்பினார். அந்தப் பிள்ளை பின்னாளில் ஓட்டம், படகு, நீச்சல் என்று பல போட்டிகளில் பரிசுகளைக் குவித்தது. வெய்லெஃபியோர்ட் காசநோய் விடுதியில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தபோது, மூடிய சன்னல்களும் அடைத்த காற்றும் மனிதரை என்ன செய்கின்றன என்பதை அன்றாடம் கண்டார்.

1904-ல் வெளிவந்தது அவருடைய ‘என் முறை’. நாளுக்கு 15 நிமிடம். மொத்தம் 18 பயிற்சிகள். முதல் எட்டு முடிந்ததும் குளியல். துடைத்துக்கொண்ட பின் மீதிப் பத்து. அந்தப் பத்தில் உள்ளங்கையால் தன் உடம்பையே தேய்த்துக்கொண்டு வளைந்து நிமிர வேண்டும். எடை, சுருள்கம்பி எதுவும் வேண்டாம். யூஜின் சாண்டோ போன்ற பலசாலிகளின் பெயரில் டம்பெல்களும் இழுவைக் கருவிகளும் அஞ்சலில் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. பருத்த புஜத்தைவிட நன்றாக இயங்கும் நுரையீரலும் வயிறும் தோலும் முக்கியம் என்றார் முல்லர். சன்னலைத் திறந்துவைத்துச் செய்யச் சொன்னார். பனிச்சறுக்கில் இடுப்புத்துணியோடு மட்டும் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவருடைய வாதத்துக்குச் சான்றாக உலகைச் சுற்றின.

புத்தகம் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் போனது. ஜெர்மன் மொழியில் அவர் பெயரிலேயே ஒரு வினைச்சொல் பிறந்தது. காலையில் ‘முல்லர் செய்வது’ அலுவலக ஊழியர்களின் பழக்கமானது. அவர்களில் ஒருவர் பிராக் நகரில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா. 1912 நவம்பரில் தோழி ஃபெலிஸ் பாவருக்குத் தன் அன்றாட ஒழுங்கை விவரித்து எழுதிய கடிதத்தில், திறந்த சன்னல் முன் உடையின்றிச் செய்யும் பத்து நிமிடப் பயிற்சிக்கும் இடம் உண்டு. நாள் முழுக்க நாற்காலியில், மாலையில் சிறு அறையில் அடைந்து கிடக்கும் புதிய வகை மனிதருக்கு முல்லரின் கால் மணி நேரம் ஒரு மூச்சுவிடும் இடமாக இருந்தது. அதே 1912-ல் முல்லர் லண்டனுக்குக் குடிபெயர்ந்து தன் பெயரில் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார்.

ஆனால் புத்தகம் யாரையும் படுக்கையிலிருந்து எழுப்பாது. குளிர்காலக் காலையில் போர்வையை விலக்க ஒரு குரல் தேவைப்பட்டது. 1925-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் கோபுரக் கட்டடத்திலிருந்து வானொலி வழியாகக் காலைப் பயிற்சியை ஒலிபரப்பத் தொடங்கியது. பாலிசிதாரர் நீண்ட நாள் வாழ்வதில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஆதாயம் உண்டல்லவா? அமெரிக்கா சென்ற ஜப்பானிய அஞ்சல் துறைக் காப்பீட்டு அதிகாரிகள் இதைக் கவனித்தார்கள். 1928 நவம்பரில், பேரரசர் ஹிரோஹிட்டோவின் முடிசூட்டு விழாவையொட்டி, ஜப்பானில் ‘ராஜியோ தைசோ’ என்ற வானொலி உடற்பயிற்சி ஒலிக்கத் தொடங்கியது. போருக்குப் பின் சில ஆண்டுகள் நின்று, 1951-ல் புதிய வடிவத்தில் திரும்பி வந்த அந்த மூன்று நிமிடப் பியானோ இசையை இன்றும் கேட்கலாம். பாரியின் இசைப்பெட்டி வேலையை இப்போது வானொலிப் பெட்டி செய்தது.

வானொலியின் குரல் எல்லாருக்கும் ஒன்றே. இருபது வயதுக்காரருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் ஒரே அசைவு, ஒரே வேகம். ஒவ்வோர் உடலுக்கும் அதற்கேற்ற அளவைக் கண்டுபிடிக்கும் வேலை மறுபடி கனடாவின் பனிக்குத்தான் வந்து சேர்ந்தது.

1947 பிப்ரவரி 3 அன்று யூக்கான் பகுதியில் ஸ்னாக் என்ற விமான இறங்குதளத்தில் வெப்பமானியின் சாராயம் கடைசிக் கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. பணியில் இருந்த வானிலை நோக்கர்கள் அது நின்ற இடத்தில் ஒரு கீறல் போட்டு வைத்தார்கள். பிறகு டொராண்டோவில் சரிபார்த்து உறுதிசெய்த அளவு, சுழியத்துக்குக் கீழ் 63 டிகிரி செல்சியஸ். கனடாவில் பதிவான மிகக் கடுங்குளிர் அதுவே. விட்ட மூச்சு சீறலோடு உறைந்ததாகவும், தொலைவில் பேசுவது பக்கத்தில் கேட்டதாகவும் அங்கிருந்தவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

பனிப்போர் தொடங்கியதும் இப்படிப்பட்ட வட பகுதிகளுக்கு ஆட்கள் கூடுதலாகப் போக வேண்டியிருந்தது. சோவியத் விமானங்கள் துருவம் வழியாக வரலாம் என்ற அச்சத்தில், 1950-களில் கனடாவின் குறுக்கே ரேடார் நிலையங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. கனடிய அரச விமானப் படையின் தொலைதூர முகாம்களில் உடற்பயிற்சிக் கூடமோ திடலோ கிடையாது. வெளியே ஓடவும் முடியாது. உள்ளே சூடும் சாப்பாடும் சீட்டாட்டமும் தாராளம். விளைவு, படையின் விமானிகளில் மூன்றில் ஒரு பங்கினர் பறக்கத் தகுந்த உடல்நிலையில் இல்லை என்ற கணக்கு வந்தது. கோடி கோடியாகச் செலவழித்து வாங்கிய ஜெட் விமானத்தில் உட்காரும் ஆள் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறார்.

இதைச் சரிசெய்யும் பொறுப்பு பில் ஆர்பனிடம் வந்தது. 1922-ல் ரெஜைனாவில் பிறந்தவர். ஐஸ் ஹாக்கி ஆடியவர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி அறிவியல் ஆராய்ந்தவர். உடல் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்று அளந்தபோது, நீண்ட நேரம் பயிற்சி செய்தவர்கள் எப்போதும் குறைந்த நேரம் செய்தவர்களை மிஞ்சவில்லை என்பதைக் கண்டார். எவ்வளவு நேரம் என்பதைவிட எவ்வளவு முனைப்போடு என்பதே முக்கியம் என்ற முடிவுக்கு வந்தார். அன்றைய பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் ஏற்காத முடிவு அது.

அந்த முடிவின் மேல் ஆர்பன் கட்டியதுதான் ‘ஃபைவ் பி.எக்ஸ்.’ எனப்படும் ஐந்து அடிப்படைப் பயிற்சிகள். குனிந்து கால்விரல் தொடுவது 2 நிமிடம். மல்லாந்து படுத்து எழுந்து உட்காருவது 1 நிமிடம். குப்புறப் படுத்துத் தலையையும் காலையும் உயர்த்துவது 1 நிமிடம். தண்டால் 1 நிமிடம். கடைசியாக, நின்ற இடத்திலேயே ஓட்டம் 6 நிமிடம். ஆக மொத்தம் 11 நிமிடம்.

நேரம் ஒருநாளும் மாறாது. அந்த நேரத்துக்குள் எத்தனை முறை செய்கிறோம் என்பதுதான் ஏறும். அதற்கு ஆர்பன் ஆறு அட்டவணைகள் போட்டார். ஒவ்வொன்றிலும் 12 படிகள். ஆக 72 படிகள். முதல் அட்டவணையின் அடிப்படியில் நிற்பவருக்கு வேலை மிகக் குறைவு: முழங்காலைத் தரையில் ஊன்றியபடி 2 தண்டால், நின்ற இடத்தில் 100 எட்டு. இடது கால் தரையைத் தொடும்போதெல்லாம் ஒன்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அதே அட்டவணையின் உச்சிப் படிக்குப் போகும்போது அது 13 தண்டாலும் 400 எட்டுமாகிவிடும். 75 எட்டுக்கு ஒருமுறை ஓட்டத்தை நிறுத்திப் பத்துக் குதிகள். பிறகு மறுபடி ஓட்டம்.

ஆர்பனின் கரிசனம் வெளிப்படுவது வயதுக் கணக்கில். எவ்வளவு திடமாக இருந்தாலும் எல்லாரும் அடிப்படியில்தான் தொடங்க வேண்டும். இருபதுகளில் இருப்பவர் ஒரு படியில் குறைந்தது 2 நாள் தங்க வேண்டும்; முப்பதுகளில் 4 நாள்; நாற்பதுகளில் 7 நாள்; ஐம்பதுகளில் 8 நாள்; அறுபதைத் தாண்டியவர் 10 நாள். 45 வயது ஆள் ஒருவர் முதல் அட்டவணையை ஏறி முடிக்க 84 நாள், அதாவது 12 வாரம் பிடிக்கும். நவம்பர் இறுதியில் தொடங்கினால் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் முடியும். ஏறக்குறைய ஒரு குளிர்காலம். அவசரப்பட்டு முதல் நாளே மூச்சுத் திணறி, மூன்றாம் நாள் கைவிடும் மனித இயல்பை ஆர்பன் நன்றாக அறிந்திருந்தார்.

படைக்காக அச்சிட்ட கையேடு படைக்குள் நிற்கவில்லை. 35 சென்ட் விலையில் பொதுமக்களுக்கும் கிடைத்தது. பெண்களுக்கென்று பத்துப் பயிற்சிகளும் 12 நிமிடமும் 48 படிகளும் கொண்ட ‘எக்ஸ் பி.எக்ஸ்.’ வந்தது. 1960-களில் இரண்டும் ஒரே புத்தகமாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளிவந்து, பல மொழிகளுக்குப் போய், இலட்சக்கணக்கில் விற்றன. நடிகை ஹெலன் மிரன் எழுபதை நெருங்கும் வயதிலும் அந்த 12 நிமிடத் திட்டத்துக்கே திரும்பத் திரும்பப் போவதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆர்பன் பின்னாளில் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 2003-ல் மறைந்தார்.

காலம் அந்தக் கையேட்டில் சில திருத்தங்களும் போட்டது. காலை நீட்டியபடி எழுந்து உட்காருவதும், முழங்காலை மடக்காமல் வேகமாகக் குனிந்து விரல் தொடுவதும் இடுப்பைப் பதம் பார்க்கும் என்று இன்றைய பயிற்சியாளர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். முழங்காலை மடக்கிக்கொண்டு செய்வதே இன்றைய வழக்கம். முதுகுவலியோ இதயக் கோளாறோ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. அசைவுகள் மாறின; ஆனால் குறைந்த நேரம், கூடிய முனைப்பு, படிப்படியான ஏற்றம் என்ற அடித்தளம் அப்படியே நிற்கிறது. 2013-ல் ஓர் அமெரிக்க உடற்பயிற்சி அறிவியல் இதழில் வெளியாகி உலகெங்கும் பேசப்பட்ட ஏழு நிமிடப் பயிற்சியும் அந்தத் தடத்தில் வந்ததுதான். அதற்கு வேண்டிய தளவாடம் ஒரு சுவரும் ஒரு நாற்காலியும்.

1983-க்குப் பிறகு அலையலையாகக் கனடாவுக்கு வந்த ஈழத்தமிழர்களுக்கு இந்தக் குளிர் ஒரு புது அனுபவம். முற்றமும் வேலியும் கிணற்றடியுமாக, அசைவே வாழ்வாக இருந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் டொராண்டோ, ஸ்கார்பரோவின் அடுக்குமாடிகளிலும் பேஸ்மென்ட் வீடுகளிலும் வாழத் தொடங்கினார்கள். ஊரில் தேகப்பியாசம் என்று தனியாக ஒன்று தேவைப்படாத அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், நடைபாதை கண்ணாடியாய் உறைந்து கிடக்கும் ஜனவரியில், வரவேற்பறையின் கம்பள விரிப்பே திடல். நீரிழிவும் இரத்த அழுத்தமும் பரவலாக உள்ள சமூகத்துக்கு, விமானிகளுக்காக எழுதிய அந்தப் பழைய கணக்கு இன்னும் பயன்படும் பொருள்.

பயன்படுமா என்பதை ஆய்வாளர்களும் சோதித்தார்கள். டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஹாமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், மார்ட்டின் கிபாலாவின் குழு ஆர்பனின் திட்டத்தை இன்றைய முறைக்கு மாற்றியமைத்து, முடிவுகளை 2021-ல் வெளியிட்டது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு நிமிடம் முனைப்பான பயிற்சி, ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே மெதுவான நடை என்று மாறி மாறி ஐந்து சுற்று. தொடக்கமும் முடிவும் சேர்த்து அதே 11 நிமிடம். வாரத்துக்கு 3 நாள், ஆறு வாரம். எந்தக் கருவியும் கொடுக்கவில்லை. ஆறு வாரம் முடிந்தபோது அவர்களுடைய உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் உச்ச அளவு கூடியிருந்தது.

அந்த ஐந்து சுற்றுகளில் இரண்டு, முழங்காலை உயரத் தூக்கியபடி நின்ற இடத்திலேயே ஓடுவது. மெல்வில் தீவின் மாலுமிகளுக்குச் சுற்றி வரக் கப்பல் தளமாவது இருந்தது; ஹாமில்டனில் ஓடியவர்களுக்குத் தங்கள் பாதம் பதிந்த இடம் மட்டும். பாரியின் இசைப்பெட்டியை இப்போது இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜின் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தில் வைத்திருக்கிறார்கள்.